விருந்துக்கு யாரை அழைத்தார்கள்?

(தொழிற்சங்கப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

நம் நகரங்களில் இப்போது ஒரு கோழிக்கறிக் கடையின் பலகையைப் பார்க்கலாம். வெள்ளைத் தாடியும் மூக்குக் கண்ணாடியும் வைத்த ஒரு கிழவர் அதில் சிரித்துக் கொண்டிருப்பார். கடைப் பெயரின் முதலெழுத்து கென்டக்கி என்ற அமெரிக்க மாநிலத்தைக் குறிக்கிறது. "எங்கள் தெற்குச் சீமை விருந்தோம்பலுக்குப் பேர் போனது, வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள்" என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

விருந்தோம்பல் நல்ல குணம். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் ஒரு சீமையே விருந்துக்குப் பேர் போனது என்று யாராவது சொன்னால், உழைப்பாளி மக்களாகிய நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சமைத்தது யார்? பந்தியில் உட்கார்ந்தது யார்? வாசலில் நிறுத்தப்பட்டது யார்?

படத்தில் இருப்பவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். அவர் 1890-ல் பிறந்தது கென்டக்கியில் அல்ல, பக்கத்து மாநிலமான இண்டியானாவில். "கர்னல்" என்பதும் பட்டாளத்தில் வாங்கிய பதவி அல்ல. கென்டக்கி கவர்னர் 1935-ல் கொடுத்த கௌரவப் பட்டம். அவர் 1930-ல் கார்பின் என்ற ஊருக்கு வந்து, பெட்ரோல் பங்கு நடத்திக்கொண்டே வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தார்.

அந்தக் கார்பின் ஒரு ரயில்வே ஊர். 1919 அக்டோபரில் அங்கே என்ன நடந்தது தெரியுமா? ரயில்வே வேலைக்கு வந்திருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் சுமார் 200 பேரை வெள்ளையர் கும்பல் ஒன்று துப்பாக்கி முனையில் வளைத்துப் பிடித்தது. ரயிலில் ஏற்றி, ஊரை விட்டே துரத்தியது. சாண்டர்ஸ் வந்தது 11 வருஷம் கழித்து. அந்தப் பாவத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் உலகமெல்லாம் விருந்தின் ஊராக அறிமுகமான ஊர், ரயில்வே வேலைக்கு வந்த உழைப்பாளிகளுக்குத் தலைசாய்க்க இடம் தர மறுத்த ஊர் என்பதை மறக்கலாமா?

கென்டக்கியை எல்லை மாநிலம் என்பார்கள். அதன் வடக்கே ஓஹியோ நதி ஓடுகிறது. அந்த நாளில் நதிக்கு அக்கரையில் அடிமை முறை இல்லை. இக்கரையில் உண்டு. 1860-ம் வருஷக் குடிக்கணக்கின்படி கென்டக்கியில் 2,25,000-க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, "நாங்கள் எந்தப் பக்கமும் இல்லை" என்று முதலில் சொன்ன மாநிலம், சில மாதங்களில் வடக்கோடு நின்றது. லிங்கன் பிறந்ததும் கென்டக்கியில்தான். அடிமை எஜமானர்களின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்ததும் அங்கேதான்.

வடக்கோடு நின்றதாலேயே ஒரு கொடுமை நேர்ந்தது. லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டுமே. ஆகவே கென்டக்கி அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தாங்களே பட்டாளத்தில் சேர்ந்து, துப்பாக்கி ஏந்தி, விடுதலையைச் சம்பாதித்தார்கள். மற்றவர்களுக்கு 1865 டிசம்பரில் 13-வது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த பிறகுதான் விலங்கு அறுந்தது. அந்தத் திருத்தத்துக்குக் கென்டக்கி சட்டசபை ஒப்புதல் கொடுத்தது எப்போது? 1976-ல்!

யுத்தத்தில் ஜெயித்த பக்கம் நின்ற மாநிலம், யுத்தம் முடிந்த பிறகு தோற்ற பக்கத்தின் வேஷத்தைக் கட்டிக்கொண்டது. வெண்தூண் மாளிகை, மதுக்கோப்பை, சாந்தமான எஜமானர், சிரித்த முகத்தோடு பரிமாறும் வேலைக்காரி: இதுதான் தெற்கின் பழைய விருந்தோம்பல் என்று படம் காட்டினார்கள். 1928-ல் மாநில கீதமாக எடுத்துக்கொண்ட பாட்டு, உண்மையில் 1853-ல் வெளியான பாட்டு. குடும்பத்தைப் பிரிந்து தெற்கே கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்படும் ஓர் அடிமையின் துயரத்தை அது சொல்கிறது. அதை லூயிவில் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் எழுந்து நின்று பாடுகிறார்கள்! 1875-ல் அந்தப் பந்தயம் முதன்முதல் நடந்தபோது 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பின மக்கள். ஜெயித்த குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் கறுப்பினத்தவரே. பரிசும் புகழும் பெருகியபோது அவர்களைக் களத்திலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். 1902-க்குப் பிறகு அங்கே ஒரு கறுப்பின ஜாக்கி ஜெயிக்கவில்லை.

தோழர்களே! சீமைப் பெருமை பாட்டோடு நிற்பதில்லை. அது கூலிப் பட்டியலிலும் ஏறும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி லூயிவில்லில் டிராக்டர் தொழிற்சாலை திறந்தது. வடக்கே இதே வேலைக்கு ஒரு கூலி, இங்கே அதைவிடக் குறைந்த கூலி. ஏன்? "இது தெற்கு" என்றது கம்பெனி. டிராக்டரின் விலையில் தெற்கு வடக்கு உண்டா? அதை அடித்து உருவாக்கும் வியர்வையில் உண்டா? விவசாயக் கருவித் தொழிலாளர் சங்கத்தின் 236-வது கிளையில் வெள்ளையரும் கறுப்பின மக்களும் ஒன்றாகச் சேர்ந்து, 1947-ல் 40 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வென்றார்கள். பிரித்து உட்கார வைப்பது ஊர் வழக்கமாக இருந்த நகரத்தில், சங்கக் கூட்டத்தில் இரு நிறத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்தச் சங்கத்துக்காகப் பிரசார வேலை செய்த தம்பதிகள் கார்ல் பிராடன், ஆன் பிராடன். வெள்ளையர்கள். 1954-ல் ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பின மின் தொழிலாளிக்கு வெள்ளையர் பகுதியில் யாரும் வீடு விற்கவில்லை. பிராடன் தம்பதிகள் தங்கள் பெயரில் ஒரு வீட்டை வாங்கி வேட் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். புது வீட்டுக்கு வந்தவர்களை அக்கம்பக்கம் எப்படி வரவேற்றது? ஜன்னலில் கல், பிறகு துப்பாக்கிச் சூடு, ஜூன் மாதம் வெடிகுண்டு. குண்டு வைத்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. வீடு வாங்கிக் கொடுத்த கார்ல் பிராடனுக்கு ராஜத்துரோகக் குற்றத்தின்பேரில் 15 வருஷச் சிறைத் தண்டனை! பல மாதம் சிறையில் இருந்தார். 1956-ல் தீர்ப்பு ரத்தாயிற்று.

கதவு தானாகத் திறக்கவில்லை. 1964 மார்ச் 5-ம் தேதி மாநிலத் தலைநகரமான பிராங்பர்ட்டில் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனார்கள். மார்ட்டின் லூதர் கிங் கூடவே நடந்தார். கோரிக்கை என்ன? ஹோட்டலிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிறம் பார்த்து வாசலில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் செய்யுங்கள் என்பதுதான். விருந்தோம்பலுக்குப் பேர் போன மாநிலத்தில், காசு கொடுத்துச் சாப்பிடுவதற்கே ஊர்வலம்! அந்த வருஷம் சட்டசபை அசையவில்லை. ஜனங்கள் விடவில்லை. 1966 ஜனவரியில் மாநில சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. தெற்கு மாநிலங்களில் அதுவே முதலாவது.

இப்போது சொல்லுங்கள், கென்டக்கியில் விருந்தோம்பல் இல்லையா? உண்டு. ஆனால் அது வெண்தூண் மாளிகையில் பிறந்ததல்ல. தன் பெயரில் வீடு வாங்கி இன்னொருவனைக் குடிவைத்த தம்பதிகளிடம் இருந்தது. பக்கத்தில் உட்காரு என்று சொன்ன சங்கக் கூடத்தில் இருந்தது. பிராங்பர்ட் ஊர்வலத்தில் நடந்த கால்களில் இருந்தது.

எந்த ஊர்ப் பெருமையை யார் பேசினாலும் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள்: சமைத்தவருக்கும் பரிமாறியவருக்கும் என்ன கூலி கொடுத்தார்கள்?