குற்றாலத்துக்குக் கிளம்புமுன் நகையைப் பற்றி ஒரு வார்த்தை

(சங்கத்தின் குற்றாலச் சுற்றுலாவை முன்னிட்டு நடந்த கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வேன் எத்தனை மணிக்கு, காலை டிபன் எங்கே என்பதையெல்லாம் செயலாளர் சொல்லிவிட்டார். நான் தென்காசியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சாரலைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வங்கியில் பல வருடம் லாக்கர் சாவியோடு இருந்தவள் என்ற முறையில், அங்கே போய்த் தங்கும்போது நகையையும் பணத்தையும் போனையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் பேசுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. கல்யாணமான புதிதில் என் மாமியார் வீட்டார் பதினாலு பேர் சீசனுக்கு வந்தார்கள். எங்கள் வீடு கொள்ளாது என்று குற்றாலத்தில் ஒரு விடுதியில் மூன்று அறை எடுத்தோம். விடுதியின் பெயர் வேண்டாம். அருவியின் வேகத்தில் சங்கிலி அறுந்துவிடும் என்று பயந்து, என் நாத்தனார் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால், படுக்கை விரிப்பு மாற்றியிருந்தது. சங்கிலியைக் காணோம்.

அறையைக் கூட்டிய அம்மாவை மேலாளர் கூப்பிட்டார். எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் பையைக் கொட்டச் சொன்னார். தூக்குவாளியைக்கூடத் திறந்து காட்டச் சொன்னார். "எம் பிள்ளைக மேல சத்தியமா நான் எடுக்கல தாயி" என்று அந்தம்மா அழுதார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஊரில் போய் எண்ணெய்ப் பாட்டில் வைத்திருந்த பையைத் துவைக்க எடுத்தபோது, அதன் அடியில் சங்கிலி இருந்தது. தலையணைக்கு அடியில் வைத்தவர், கிளம்பும் அவசரத்தில் மனசு கேட்காமல் எடுத்து இடம் மாற்றியிருக்கிறார். அதை அவரே மறந்துவிட்டார். விடுதிக்குப் போன் போட்டுச் சொன்னோம். "அந்தம்மா மறுநாளிலிருந்து வேலைக்கு வரலையே" என்றார்கள். அவர் வீடு எங்கே என்றும் யாருக்கும் தெரியவில்லை.

அன்று எங்களுக்குச் சங்கிலி திரும்பக் கிடைத்தது. அந்தம்மாவுக்குப் போன மானம் கிடைக்கவில்லை. நாம் பொருளைப் பத்திரமாக வைப்பது நமக்காக மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் தப்பு என்ன? ஒளித்து வைத்தது. ஒளித்து வைத்த பொருளுக்குச் சாட்சி கிடையாது. எங்கே வைத்தோம் என்று நமக்கே சந்தேகம் வரும். உண்மையிலேயே திருட்டுப் போனாலும், அப்படி ஒரு பொருள் அறையில் இருந்தது என்று நிரூபிக்க வழி இருக்காது. அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டிலேயே விட்டுப் போங்கள், முடியாவிட்டால் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். ஒளித்து மட்டும் வைக்காதீர்கள்.

சட்டமும் ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், காரை நிறுத்தச் சொல்லிச் சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தால் கார் திருட்டுப் போயிருந்தது. ஹோட்டல் கொடுத்த டோக்கனில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நம் தென்காசி தனி மாவட்டம் ஆனதும் அதே மாதம் 22-ஆம் தேதிதான். பொருளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்ட ஹோட்டல், தான் தக்க கவனம் எடுத்ததை நிரூபிக்க வேண்டும், அச்சடித்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இன்னொரு வழக்கு. ஒரு துணி வியாபாரி ஒரு லட்சம் ரூபாயை இடுப்புப் பெல்ட்டில் கட்டிக்கொண்டு ரயிலில் போனார். பணம் திருட்டுப் போனது. ரயில்வே தர வேண்டும் என்று கேட்டார். தன் பொருளைத் தானே காக்க முடியாதபோது ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் வழக்கில் பொருள் கைமாறியது, இரண்டாவதில் கைமாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

கிளம்புமுன் நகையை லாக்கரில் வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியரின் மோசடியாலோ லாக்கர் பொருள் போனால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள், குற்றாலம் போய்ச் சேரும்வரை காத்திராமல் இங்கேயே மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். எங்கள் ஆச்சிமார் எல்லாம் அருவிக்கு அப்படித்தான் வருவார்கள்.

அறைக்குள் போனதும் முதலில் தாழ்ப்பாள், பின்பக்க ஜன்னல், பால்கனிக் கதவு மூன்றையும் பாருங்கள். சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடும் வீடு என்றால், அதன் சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறதோ! நாதாங்கி இருந்தால் நம் பூட்டைப் போடுவது நல்லது. அலமாரியில் எண் பூட்டுப் பெட்டி இருந்தால், அது சுவரோடு முடுக்கியிருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளை விடுதிக்காரர் திறக்க ஒரு பொது எண்ணோ சாவியோ உண்டு. ஆகவே அதில் பெரிய பொருள் வேண்டாம். வைத்தே ஆக வேண்டியதை வரவேற்பில் கொடுத்து, பொருளின் விவரம், தேதி, கையெழுத்தோடு சீட்டு வாங்குங்கள். சீட்டு தர மாட்டோம் என்றால், அங்கே ஒப்படைக்க வேண்டாம்.

பால்கனியில் கைப்பையை வைக்காதீர்கள். குற்றாலத்துக் குரங்குக்கு முறுக்குப் பொட்டலமும் மணிபர்ஸும் ஒன்றுதான்.

அருவிக்குப் போகும்போது அன்றைய செலவுக்கு மட்டும் பணம் போதும். நம் கூட்டத்தில் ஒருவர் முறை வைத்துக் கரையில் பைகளோடு நிற்கட்டும். முன்பின் தெரியாதவரிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்க" வேண்டாம். காரை நிறுத்தினால் சீட்டின் மேல் பை எதுவும் தெரியக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். போலீஸ் விசில் அடித்தால் அப்படியே ஓடிவர வேண்டும், பையை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. திரும்பிப் போகத் தூண்டும் எதையும் அருவிக்கரைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவு செய்தும் ஏதாவது தொலைந்தால்? முதலில் நம் பைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டித் தேடுங்கள். எண்ணெய்ப் பாட்டில் பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! கிடைக்கவில்லை என்றால் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். மனு ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் இங்குள்ள நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலேயே இருக்கிறது. போன் போனால் உடனே சிம்மை முடக்கி, வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930-ஐக் கூப்பிடுங்கள். புகார் நகலை வைத்து 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனையே முடக்கலாம். ஒப்படைத்த பொருளுக்கு விடுதி பதில் சொல்லாவிட்டால், தென்காசிக்கு அலைய வேண்டாம்; நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்.

யாரையும் நீங்களே சோதிக்காதீர்கள். யார் பையையும் கொட்டச் சொல்லாதீர்கள். அது போலீஸின் வேலை.

இத்தனை வருடம் கழித்தும் அந்த விடுதி இருந்த தெருவில் போகும்போது என் கண் அந்தம்மாவைத் தேடும். பார்த்தால் என்ன சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நம்மில் யாருக்கும் அப்படி ஒரு பாரம் வேண்டாம். நகையை வீட்டில் வைத்துவிட்டு, துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வாருங்கள். மூன்று நாளும் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருவோம்.