மீன் பேனும் கணித மாதிரிகளும்

(நாயுடுபேட்டையில் மீன்வளத்துறை அலுவலர்கள், மாணவர்கள் முன் ஆற்றிய உரை)



ஒட்டுண்ணிக்கும் கணிதத்திற்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பே. இத்தொடர்பின் வேர் நம் நாட்டு மண்ணிலேயே உள்ளது. 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், பின்னர் கணித வாயிலாக ஓர் உண்மையை நிறுவினார். மலேரியாவை ஒழிக்கக் கொசுக்கள் அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை. அவற்றின் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்பதே அது.

ஸ்வர்ணமுகி பாயும் இப்பகுதியில் கெண்டை மீன் வளர்ப்போருக்கும் இவ்வுண்மை பயன்படும். ரோகு, கட்லா மீன்களின் உடலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும் மீன் பேனை எடுத்துக்கொள்வோம். பெண் பேன் மீனை விட்டு நீங்கி, கல், மூங்கில் போன்ற கடினமான பரப்புகளில் முட்டையிடுகிறது. வெப்பமான நீரில் அவை ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்களில் பொரிகின்றன. மருந்து, மீன்மேலுள்ள பேனைக் கொல்லும். முட்டையைப் பெரும்பாலும் தீண்டாது. எனவே ஒரே முறை மருந்திட்டு நிறுத்தினால் பயன் நிலைக்காது.

மாதிரி எழுப்பும் வினா எளியது. ஒரு பெண் பேனின் முட்டைகளிலிருந்து, மீண்டும் முட்டையிடும் பருவம்வரை எத்தனை பெண் பேன்கள் பிழைக்கின்றன? எடுத்துக்காட்டாக, நான்கு எனக் கொள்வோம். பாதியைத் தடுத்தாலும் இரண்டு எஞ்சும், பேன் பெருகும். நான்கில் மூன்று பங்குக்கு மேல் தடுத்தால்தான் அதன் இனம் தேயும். இதற்கு மருந்து ஒன்றே வழியன்று. குளத்தில் மூங்கில்களை நட்டு, முட்டை பொரிக்குமுன் எடுத்து உலர்த்தலாம். மீன்களின் இருப்பு அடர்த்தியைக் குறைத்தால் இளம் பேன் மீனைச் சென்றடையும் வாய்ப்பும் குறையும். ஆனால் விளைச்சல் குறைவும் ஒரு செலவே. எவ்வழியை எந்த அளவில் கையாண்டால் குறைந்த செலவில் அவ்வரம்பை எட்டலாம் என்பதை மாதிரி காட்டும்.

இங்கே பொருளாதாரம் குறுக்கிடுகிறது. ஒரே கால்வாய் நீரைப் பகிரும் குளங்களில் ஒருவர் செய்யும் செலவின் பயன் அண்டையாருக்கும் சேர்கிறது. ஒருவரின் அலட்சியம் அனைவருக்கும் கேடாகிறது. ஆகவே தனிக் குளத்திற்கன்றி, கால்வாய் முழுமைக்கும் திட்டமிட வேண்டும்.

தரவின்றி மாதிரி இயங்காது. நீர்வாழ் உயிரின நோய்களுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அதற்குத் துணையாக, வாரந்தோறும் சில மீன்களைப் பிடித்துப் பேன்களை எண்ணி, நீரின் வெப்பநிலையுடன் குறித்து வைக்கலாம். வலை, வெப்பமானி, குறிப்பேடு ஆகியவையே இதற்குப் போதும். அலுவலர்கள் எண்ணிக்கையைத் திரட்டி, மாணவர்கள் கணக்கிட்டால், மீன் வளர்ப்போரின் மருந்துச் செலவும் நீரின் மாசும் ஒருங்கே குறையும்.