தள்ளுபடியும் திரும்பி வரும் பணமும்
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாங்கியவருக்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது புதிய வழக்கமன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலை, மிஞ்சிய லாபத்தை, உறுப்பினர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பங்கிட்டுத் தந்தது. அங்கே வாங்குவோரே கடைக்கு உடையவர். ஆகவே திரும்பி வந்தது அவர்கள் பணமே. நம் மாநிலத்தில், 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக் காலத்தில் தரும் தள்ளுபடியும் வாங்குவோர், நெய்வோர் ஆகிய இரு சாராருக்கும் நன்மை பயப்பதாகும்.

இன்று ‘கேஷ்பேக்’ என்னும் அறிவிப்பு கைபேசி வழியே குக்கிராமங்களுக்கும் வந்துவிட்டது. தேவையான பொருளை, நாலு கடைகளில் விலை விசாரித்து வாங்கும்போது இச்சலுகை கிடைப்பின் அது லாபமே. ஆயினும் கணக்கைச் சிறிது கவனியுங்கள். வீட்டுக்கு வேண்டிய சாமான் 600 ரூபாய். 1,000 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் திரும்பும் என்பது அறிவிப்பு. அதை நம்பி வாங்கியவருக்கு நிகரச் செலவு 900 ரூபாய். வேண்டாத சரக்குக்காக 300 ரூபாய் கூடுதலாகப் போயிற்று! அந்த 100 ரூபாயும் பல சமயங்களில் ரொக்கமாக வருவதில்லை; குறித்த நாளுக்குள் அதே கடையில் மீண்டும் வாங்கினால்தான் கழியும். கடன் அட்டையில் வாங்கித் தவணை தவறினாலோ, வட்டி சலுகையை விழுங்கிவிடும்.

விதையும் பூச்சிமருந்தும் வாங்குவோர், தள்ளுபடிக்காக ரசீதை விட்டுக்கொடுத்தல் கூடாது. விதை முளைக்காவிடில் ஈடு கேட்பதற்கு அந்த ரசீதே முக்கிய சான்று.

இவற்றினும் கொடியது வஞ்சகர் சூழ்ச்சி. “உங்களுக்குப் பரிசுப் பணம் வந்துள்ளது, ரகசிய எண்ணை அழுத்துங்கள்” என்பார்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்கே தேவை. எண்ணை அழுத்தியவுடன் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல், அக்கணமே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். தாமதித்தால் பணத்தை மீட்பது அரிதாகும். கடைக்காரர் சொன்ன சலுகையைத் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை, தீபாவளிக் கொள்முதலுக்கு முன்னர் கூடுவது. அன்று இவ்விரு எண்களையும் மக்களுக்கு எடுத்துச் சொல்லி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் எழுதி வையுங்கள். பாடுபட்டு ஈட்டிய பணம் தேவைக்கே செலவாகட்டும்.