காரின் அடியில் விழும் துளி

(தென்காசி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வண்டியின் அச்சு கிறீச்சிட்டால் மை இடவேண்டும் என்பது அந்நாளில் நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. இன்று மாட்டு வண்டி நின்ற வாசலில் மோட்டார் காரோ சிறு சரக்கு வண்டியோ நிற்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கும் சுரண்டைச் சந்தைக்கும் காய்கறி ஏற்றிச் செல்வது அதுவே. புளியரை வழியாக மலையேறிக் கேரளத்துக்குச் செல்வதும் அதுவே. ஆயினும் அதன் அடியில் ஒரு துளி விழுந்தால் அது இன்னதென்று சொல்லத் தெரிந்தவர் நம்மில் சிலரே. கையால் கியர் மாற்றி ஓட்டும் வண்டிகளில் உண்டாகும் ஒழுக்கை வீட்டிலிருந்தபடியே கண்டறிவது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாரல் காலத்தில் என் காரில் ஓட்டுநர் காலடியிலுள்ள விரிப்பு நாலைந்து நாட்களாக ஈரமாகவே இருந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் எதுதான் ஈரமாக இராது? நனைந்த கால்களின் ஈரம் என்று விட்டுவிட்டேன். வளைவுகளில் திரும்பும்போது கைப்பிரேக்குக்குரிய சிவப்பு விளக்கு மினுக்கியது. கைப்பிரேக்கை நன்றாக இறக்கிவிட்டேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. குடும்பத்தாருடன் ஆரியங்காவுக்குப் புறப்பட்ட அன்று, செங்கோட்டையிலேயே கிளட்ச் மிதி தரையோடு போய் நின்றுவிட்டது, கியர் விழவில்லை. முன் மூடியைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் குப்பியில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே குப்பிதான். விரிப்பை நனைத்தது மழைநீர் அன்று. மிதிக்கு மேலேயுள்ள கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒழுகிய பிரேக் ஆயில். கைப்பிரேக்கு விளக்கே அந்த ஆயில் குறைந்ததையும் காட்டும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். இதே பழுது சிறிது நேரம் கழித்துப் புளியரை எஸ் வளைவில், முன்னும் பின்னும் பார லாரிகள் வரும்போது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

பிரேக் ஆயில் குறைவதைச் சொல்லவாவது ஒரு விளக்கு இருக்கிறது. எஞ்சினில் ஆயில் அழுத்தம் வீழ்ந்தாலும் விளக்கு எரியும். கியர் பாக்ஸுக்கோ பெரும்பாலான கார்களில் விளக்கும் இல்லை. மட்டம் பார்க்கும் கம்பியும் இல்லை. சிறிய கார்களில் அதனுள்ளே இருப்பது ஏறத்தாழ 2 லிட்டர் எண்ணெய். அது வற்றினால் முதலில் கிடைக்கும் அறிவிப்பு பேரிங்குகளின் இரைச்சல். அந்த ஓசை காதில் விழும்போது உள்ளே தேய்மானம் நிகழ்ந்து முடிந்திருக்கும். ஆகவே தரையில் விழும் துளியை அலட்சியம் செய்யலாகாது.

பரிசோதனைக்கு நான்கு படிகள் உண்டு.

முதலாவது, காகிதம் விரித்தல். மழை படாத, சமமான தரையில் வண்டியை இரவில் நிறுத்துங்கள். முன் சக்கரம் முதல் பின் சக்கரம் வரை பழைய செய்தித்தாள்களையோ அட்டைகளையோ விரித்து, சக்கரங்கள் இருக்குமிடத்தைக் கரியால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எங்கே, எத்தனை துளிகள், என்ன நிறம் என்பவற்றைப் பாருங்கள். ஈரத் தரையில் எதுவும் தெரியாது. சாரல் காலத்தில் நாம் ஏமாறுவது இதனாலேயே.

இரண்டாவது, துளியை இனம் காணுதல். எஞ்சின் ஆயில் புதிதாயின் தேன் நிறம். ஓடியபின் கறுத்து, கருகிய வாடை வீசும். கியர் ஆயில் அதைவிடத் தடிப்பானது. கந்தக நெடி உடையது. அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக் ஆயில் நீர்போல் மெல்லியது; வெளிர் மஞ்சள், பழசாயின் பழுப்பு. அது பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் போன்ற நிறங்களில் வரும். ஏ.சி. போட்டு ஓட்டிய வண்டியிலிருந்து நிறமும் மணமுமற்ற நீர் சொட்டினால் அது இயல்பே; கவலை வேண்டாம்.

ஐயம் நீங்காவிட்டால், சமையலுக்கு உதவாத பழைய வெள்ளைக் கிண்ணத்தில் நீர் ஊற்றி, அதில் ஒரு துளியை விடுங்கள். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதந்து வானவில் போன்ற படலம் காட்டும். பிரேக் ஆயிலும் கூலண்டும் நீரில் கலந்து மறையும். எதையும் நாவில் வைத்துச் சோதிக்காதீர்கள். கூலண்டில் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு இருக்கக்கூடும். ஆடும் நாயும் அதை நக்கினால் உயிருக்கே ஆபத்து. தேங்கிய கூலண்டை உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, பிறப்பிடத்தைத் தேடுதல். எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே துளி விழும் இடமே பழுதான இடம் என்று எண்ணலாகாது. ஈரமாயிருக்கும் பகுதிகளுள் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பது எதுவோ, அங்கேதான் தேடவேண்டும்.

நான்காவது, துடைத்துப் பார்த்தல். எஞ்சின் ஆறியபின், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அழுக்கை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். அந்த இடத்தில் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தால், பவுடரின்மேல் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். என் வண்டியில் பிறிதொரு சமயம் ஒழுகியபோது, கியர் பாக்ஸை இறக்கி ஆயில் சீல் மாற்றவேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பவுடர் தூவிப் பார்த்தேன். எஞ்சினின் மேல்மூடியிலுள்ள கேஸ்கட்டிலிருந்து வழிந்த எண்ணெயே பின்புறமாக இறங்கிக் கியர் பாக்ஸை நனைத்திருந்தது. கேஸ்கட்டை மாற்றியதும் ஒழுக்கு நின்றது. பெரிய செலவு சிறிய செலவாயிற்று.

இனிக் கியர் பாக்ஸைச் சுற்றி எங்கே ஈரம் கண்டால் என்ன பொருள் என்பதைப் பார்ப்போம். அடியிலுள்ள வடிகால் போல்ட்டில் ஈரமிருந்தால், பெரும்பாலும் வாஷரை மாற்றி இறுக்கினால் போதும். சக்கரத்துக்குச் செல்லும் ஆக்சில் நுழையுமிடத்தில், அல்லது பின்சக்கர வண்டிகளில் நீண்ட தண்டு நுழையுமிடத்தில் ஈரமிருந்தால், அங்குள்ள ஆயில் சீல் தேய்ந்துள்ளது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில், கிளட்ச் உறையின் அடியில் சொட்டினால் நெடியைக் கவனியுங்கள். கந்தக நெடியாயின் கியர் பாக்ஸின் முன் சீல். கருகிய வாடையாயின் எஞ்சினின் பின் சீல். மெல்லிய மஞ்சள் திரவமாயின் கிளட்ச் சிலிண்டர். முதல் இரண்டில் எண்ணெய் கிளட்ச் தட்டில் பட்டு, மேட்டில் வண்டி இழுக்காமல் வழுக்கும். பல இடங்களில் ஒருசேர ஈரம் கண்டால், பிரீதர் என்னும் மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருக்கலாம். வயல் வரப்பில் ஓடும் வண்டிகளில் இதை முதலில் சுத்தம் செய்து பாருங்கள். சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல்களின் வழியே தள்ளிவிடும். அளவுக்கு மேல் நிரப்பினாலும் ஒழுகும். பல வண்டிகளில் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பே சரியான மட்டம்.

எது பொறுக்கும், எது பொறுக்காது? ஓரிரவில் ஓரிரு துளி கியர் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ விழுந்தால், மட்டத்தைப் பார்த்து நிரப்பி, அறுவடை வேலை முடித்தும் பட்டறைக்குப் போகலாம். துளிகள் நாளுக்கு நாள் பெருகினால் தாமதிக்கலாகாது. பிரேக் ஆயில் ஒரு துளி கசிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல், டீசல் ஒழுக்கும் அத்தகையதே. அருகில் விளக்கோ பீடியோ கூடாது. பிரேக் குப்பியில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிப் பிரேக்கே கெடும். எந்த ஆயிலாயினும் வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் ரகத்தையே வாங்குங்கள்.

மற்றோர் எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் புகாதீர்கள். உறுதியான தாங்கிகள் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்த பின்னரே அடியில் பார்க்கவேண்டும். சூடாயிருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, அணைக்கட்டுகளின் வழியே நம் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. வண்டியிலிருந்து வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டினால் அது நம் வயலுக்கே திரும்பி வரும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் அடங்கும். ஊருக்கு ஒரு மூடியுள்ள பீப்பாய் வைத்து, சேர்ந்ததை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். சொட்டிய இடத்தில் மணலோ மரத்தூளோ தூவி அள்ளினால், மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டுபோகாது.

நண்பர்களே, நீங்கள் எல்லோரும் மெக்கானிக் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளி தன் நோவு எங்கே என்று சொன்னால் மருத்துவர் வேலை எளிதாகிறது. “ஆக்சில் நுழையுமிடத்தில் கியர் ஆயில் ஒழுகுகிறது, ஓரிரவில் ஆறு துளி” என்று நீங்கள் சொன்னால், மெக்கானிக்கும் சரியான இடத்தில் கை வைப்பார். உங்கள் பணமும் மிஞ்சும். மலைப்பாதையில் செல்லுமுன் ஓர் இரவு காகிதம் விரித்துப் பாருங்கள்; பிரேக் குப்பியின் மட்டத்தைப் பாருங்கள்; கால் விரிப்பையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நான் பாராமல் விட்டது அதைத்தான்.