கைத்தடி கௌரவக் குறைச்சல் அல்ல

திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். இளமையில் அத்தனையும் ஏறியவர்களுக்கு முதுமையில் குளியலறை வாசற்படி ஒன்றே மலையாகிவிடுகிறது.

சித்தூரானாலும் திருப்பதியானாலும், முதியோர் இல்லத்தில் இருப்பவர்களிடம் "பார்த்து நடங்க தாத்தா" என்றால், "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பார் ஒருவர்; "விழுவது விதி" என்பார் இன்னொருவர். கைத்தடி பிடித்தால் கிழவர் என்று சொல்லிவிடுவார்களோ என்று தயக்கம். நள்ளிரவில் எழுந்தால் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அடுத்தவர் தூக்கம் கெடுமே என்று கூச்சம். ஒருமுறை விழுந்தவரோ பயந்து கட்டிலோடு இருந்துவிடுகிறார். நடக்காத கால் வலுவிழக்கும். மறுபடி விழ அதுவே காரணமாகும்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். எலும்பு முறிந்தால் பார்க்க, திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பர்டு (BIRRD) மருத்துவமனை இருக்கிறது. முறியாமல் காப்பது நம் கையில்.

ஈரமில்லாத தரை, சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, கண் பரிசோதனை, தினமும் கொஞ்சம் நடை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வார்த்தை: "கூப்பிடுங்க, எங்களுக்குத் தொந்தரவே இல்லை." உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே அதைச் சொல்லுங்கள்.