கருந்துளையும் நட்சத்திர மண்டலமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்ததைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆடி மாத இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால், தெற்கே தனுசு இராசிப் பக்கம் பால்வீதி தடித்துத் தோன்றும். அத்திசையில் ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், 40 இலட்சம் சூரியன்களின் நிறையை ஒடுக்கி வைத்த கருந்துளை ஒன்று இருக்கின்றது. ஒளியும் அதிலிருந்து மீளாது.

நமது பால்வீதி போன்ற பெரிய நட்சத்திர மண்டலங்கள் ஏறக்குறைய யாவற்றின் நடுவிலும் இத்தகைய கருந்துளை உண்டு. விந்தை யாதெனில், நடுப்பகுதி நட்சத்திரங்கள் மிகுந்த மண்டலத்தில் கருந்துளையும் பெரிதாக இருக்கின்றது. அதன் நிறை பெரும்பாலும் அந்நட்சத்திரங்களின் நிறையில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. இத்துணைச் சிறியது அத்துணைப் பெரியதோடு எவ்வாறு இணங்கி வளர்ந்தது?

கருந்துளையை நோக்கி விழும் வாயு, உள்ளே மறையுமுன் கொதித்துப் பேரொளியையும் கடுங்காற்றையும் வீசுகின்றது. அதனால் மண்டலத்து வாயு சூடேறிக் கலைகின்றது. வாயு குளிர்ந்தாலன்றிப் புது நட்சத்திரம் பிறவாது. கருந்துளைக்கும் அதே வாயுதான் இரை. பிறர் அடுப்பை அவிக்கப் போய்த் தானும் பட்டினி கிடப்பது போலத்தான்! பெர்சியஸ் மண்டலக் கொத்தின் நடுக் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவில் எழுப்பிய அலைகளைச் ‘சந்திரா’ தொலைகாட்டி 2003இல் காட்டியது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட அக்கருவி, சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்குவது. 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் செல்கையில் மாளும் நட்சத்திரங்களின் நிறைக்கு ஓர் எல்லையைக் கணித்தவர் அவர்.

இனி, முந்தியது எது? மாண்ட நட்சத்திரத்தின் சிறு கருந்துளையே மெல்ல உண்டு பெருத்தது என்பது பழைய எண்ணம். ஆனால் பிரபஞ்சத்தின் இளமையிலேயே மாபெரும் கருந்துளைகள் காணப்பட்டன. உண்டு பெருக்க அவகாசம் ஏது? கோயம்புத்தூரிற் பிறந்து, யேல் சர்வகலாசாலையிற் பேராசிரியையாக விளங்கும் பிரியம்வதா நடராஜன், வாயு மேகமே நட்சத்திரமாகாமல் நேரே கருந்துளையாக இடிந்து வீழலாம் என்று தம் தோழர்களுடன் கணித்தார். அவ்வாறாயின் ஆதி மண்டலம் எவ்வாறு தோன்றும் என்பதையும் 2017இல் எழுதினர்.

2023இல் சந்திராவும் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியும் சேர்ந்து அத்தகைய ஒன்றைக் கண்டன. யூஎச்இசட்1 என்பது அதன் பெயர். பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயதாயிருக்கையில் புறப்பட்ட ஒளி அது. அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்லை. கருந்துளையின் நிறை, மண்டலத்து நட்சத்திரங்கள் யாவற்றின் நிறைக்கும் ஏறக்குறைய ஈடு. அங்கே கருந்துளை முந்திக்கொண்டது. நட்சத்திரங்கள் பின்னரே பெருகியிருக்க வேண்டும். மற்றைய மண்டலங்களிலும் இவ்வாறேதான் நிகழ்ந்ததா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்திலர்.