மடையும் தலைமையும்

  

இந்தச் சொற்பொழிவின் 'அன்றாட வாழ்வில் தலைமை' என்ற தலைப்பைப் பார்த்ததுமே நான் எங்கே போய் நிற்பேன் என்று துறை நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.  ஊர்த்தலைமை என்றால் அவர்கள் உத்திரமேரூருக்குப் போவார்கள்: முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), குடவோலை, ஏரி வாரியத்துக்கு 6 பேர். அருமையான கல்வெட்டுதான். ஆனால் அது பேசுவது பதவிக்கான தகுதியை: கால்வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம், சொந்த மனை, 35 முதல் 70 வரை வயது. மடையில் இறங்கித் தண்ணீரைப் பங்கிட்டவர் யார்?

தமிழகத் தென்மாவட்டக் கண்மாய்களில் அவர் நீர்க்கட்டி. பெரும்பாலும் தலித் குடும்பத்தவர், தந்தைக்குப்பின் மகன். நீர்க்கட்டிகளில் பலருக்கும் ஆயக்கட்டில் சொந்த நிலம் கிடையாது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவரே. வாய்க்கால் தண்ணீரை மண்வெட்டியால் வயல் வயலாகத் திருப்பிவிடுவார். வயலுக்குள் நீர் புகும் வாய்மடையில் நிலத்துக்காரர் கை வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. கண்மாய் பெருகிக் கிடக்கும்போது இது ஒரு வேலை, அவ்வளவுதான். பயிர் பால்பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் குறைந்து முறைவைத்துப் பங்கிட நேரும்போதுதான் அவர் யாரென்று தெரியும். தலைமடைக்காரருக்கு ஆள்பலம் இருக்கும். கடைமடையில் நிலம் வெடித்திருக்கும். "போதும்" என்று நள்ளிரவில் வாய்மடையை அடைக்கிறவர், பகலில் அதே நிலத்துக்காரர் திண்ணையில் உட்கார முடியாதவர். ஆனாலும் அடைத்தது அடைத்ததுதான்.

ஊர்க்கூட்டத்துக்குப் பயந்துதான் நிலத்துக்காரர்கள் அவர் சொல்லைக் கேட்கிறார்கள், அவர் வெறும் ஏவலாள் என்பார்கள் துறை நண்பர்கள். இதைத்தான் பல கருத்தரங்குகளில் மறுத்துவருகிறேன். கூட்டம் முறையை விதிக்கும், சரி. எந்த வயல் இன்னும் இரண்டு நாள் தாங்கும், எது தாங்காது என்று இருட்டில் வந்து பார்க்குமா? அந்த முடிவு அவருடையது. நிலமில்லாததால் எந்த வரப்பின்மேலும் அவருக்கு ஆசையில்லை. கூலி களத்து நெல்லாக வருவதால் எந்த வயல் காய்ந்தாலும் அவருக்கு நட்டம். அவர் சொல் எடுபட்டது இதனால்தான். சாதி அவரை அங்கே நிறுத்தியது. அதை மறைத்துப் புகழ்பவர்களோடு நான் இல்லை. ஆனால் அங்கே நின்று அவர் எடுத்த முடிவுகளைத் தலைமை என்று எழுத நமக்கு ஏன் கை வரவில்லை?

சட்டமும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை: தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டம் நீர்ப்பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் வைத்தது. உறுப்பினர் நிலவுடைமையாளர்களே. நிலம் என்ற உத்திரமேரூர்த் தகுதி இன்னும் போகவில்லை.

 இனி ஆய்வில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். களத்துநெல் கணக்குகளைத் திரட்ட வேண்டும். இலங்கையின் மட்டக்களப்பில் வயல் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமாரோடு நீர்க்கட்டிகளை ஒப்பிட வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் நீர்க்கட்டியின் அதிகாரம் யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். பல ஊர்களில் மகன்கள் நீர்க்கட்டி வேலைக்கு வருவதில்லை. ஆய்வு மாணவர்களே, இப்போது இருக்கும் நீர்க்கட்டிகளிடம் உடனே போய்ப் பேசுங்கள். பயணச் செலவை இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையே ஏற்கும்படி அதை நிறுவிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.